கள உத்தியோகத்தர்களுக்கு ஐந்து நிமிடக் குறிப்பு

முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ கிராமங்களுக்குச் சென்று குடும்பங்களைச் சந்தித்துத் திரும்பும் நிவாரணப் பணியாளர்கள், இரவு படுக்கைக்குப் போகுமுன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, நாளை யாருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் ஒரு சிறு கொப்பியில் எழுதி மூடிவைக்க வேண்டும். அன்று கேட்ட துயரங்களை எழுத வேண்டியதில்லை.

முடிக்கப்படாத வேலைகளே மனதில் திரும்பத் திரும்ப எழுந்து நித்திரையைக் கெடுக்கின்றன. அவை தாளுக்கு மாறியதும் அவற்றை நினைவில் சுமக்கும் தேவை குறைகிறது. அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தினர் 2018இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்றில், செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிட ஏறத்தாழ 9 நிமிடம் முன்னதாக உறங்கினர். பட்டியல் எவ்வளவு விரிவாக இருந்ததோ அவ்வளவு விரைவாக உறக்கம் வந்தது. ஆகவே ‘வீட்டுத்திட்ட வேலை’ என்று பொதுவாக எழுதாமல், எந்தப் படிவம், எந்த அலுவலகம், எத்தனை மணி என்று எழுதுவது நல்லது. கொப்பி பிறர் கையில் அகப்படக்கூடும் என்பதால் பயனாளிகளின் பெயர்களைத் தவிர்க்க வேண்டும்.

நிலக்கண்ணிவெடி விபத்துப் போன்ற கொடிய நிகழ்வை நேரில் கண்டவருக்கு இது போதாது. அவரை உடனே உட்காரவைத்து நடந்ததை விவரிக்கும்படி வற்புறுத்துவதும் கூடாது. கெட்ட கனவுகளும் திடுக்கிடுதலும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாட வேண்டும். 2009இல் போரின் இறுதிக் கட்டத்தில் தாமே உறவுகளை இழந்த உள்ளூர்ப் பணியாளர்களுக்கு, வெளியிலிருந்து வந்த சக ஊழியர்களுக்கு இல்லாத ஒரு பாரம் உண்டு. அதை எந்தக் கொப்பியும் தாங்காது, அவர்களுக்கு விடுமுறையும் உளவளத்துணையும் கேட்காமலே கிடைக்க வேண்டும்.