ஷாஃப்ட்ஸ்பரியின் நாடாளுமன்ற வரலாற்றை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் டார்செட் கவுண்டியில், அரசர் ஆல்ஃபிரட் நிறுவிய கன்னியர் மடத்தைச் சுற்றிக் குன்றின் மேல் வளர்ந்த சந்தை ஊர் ஷாஃப்ட்ஸ்பரி. 1295ஆம் ஆண்டு நாடாளுமன்றத்துக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இதுவும் ஒன்று. அப்போதிருந்து 1832 வரை, 17ஆம் நூற்றாண்டின் கிராம்வெல் ஆட்சிக் காலக் குழப்பங்கள் நீங்கலாக, இரண்டு உறுப்பினர்களையும், பிறகு 1885இல் தொகுதி நீக்கப்படும்வரை ஓர் உறுப்பினரையும் இந்த ஊர் அனுப்பியது. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர் ஒருவரும், ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்தே பெருஞ்செல்வரான இன்னொருவரும் இதன் உறுப்பினர்களாக இருந்துள்ளனர். ஆகவே இதன் வரலாறு தமிழ் வாசகருக்கு முற்றிலும் அந்நியமானதன்று. ஆனால் இதைப் பற்றி எழுதப் புகுவோர் சில இடங்களில் எளிதில் வழுக்கி விழக்கூடும்.

முதல் தவறு, 'தொகுதி' என்னும் இன்றைய சொல்லின் பொருளைப் பழங்காலத்தின் மீது ஏற்றுவது. 1832க்கு முன் ஷாஃப்ட்ஸ்பரி 'பரோ', அதாவது நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர் அனுப்பும் உரிமை பெற்ற நகரத் தொகுதி, ஊர் முழுவதையும்கூட உள்ளடக்கவில்லை. ஹோலி டிரினிட்டி, செயின்ட் ஜேம்ஸ், செயின்ட் பீட்டர் என்னும் மூன்று பாரிஷ்களின் (தேவாலய வட்டாரங்களின்) சில பகுதிகளே அதன் எல்லைக்குள் இருந்தன. தேர்தல் முறையை மாற்றிய 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் ஓர் இடத்தைப் பறித்துக்கொண்டு, சுற்றியிருந்த கிராமப்புறப் பாரிஷ்களை அதனோடு சேர்த்தது. எனவே 1830இன் வாக்கு எண்ணிக்கையையும் 1835இன் வாக்கு எண்ணிக்கையையும் ஒரே பெயர் கண்டு அருகருகே வைத்து ஒப்பிடுவது, இரண்டு வேறு நிலப்பரப்புகளை ஒப்பிடுவதாகவே முடியும். இரண்டு இடங்கள் இருந்த காலத்தில் ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள் உண்டு. ஒன்றை மட்டும் அளித்துவிட்டு மற்றதை விட்டுவிடவும் அவருக்கு உரிமை இருந்தது. வாக்குகளின் மொத்தத்தைக் கூட்டி அதையே வாக்காளர் தொகையாகக் கொள்வது இதனால்தான் பிழையாகிறது.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஷாஃப்ட்ஸ்பரி ஏர்ல் என்னும் பிரபுப் பட்டம் பெற்ற ஆஷ்லி கூப்பர் குடும்பத்தாரின் மாளிகை அதே கவுண்டியில் உள்ள விம்போர்ன் செயின்ட் ஜைல்ஸில் இருக்கிறது. பட்டத்தின் பெயரைக் கொண்டு அவர்களை இந்த ஊரின் உறுப்பினர்கள் என்று எழுதிவிடக் கூடாது. தொழிற்சாலைச் சட்டங்களுக்காகப் போராடிய 7ஆவது ஏர்ல், காமன்ஸ் சபையில் அமர்ந்தது உட்ஸ்டாக், டார்செஸ்டர், டார்செட் கவுண்டி, பாத் ஆகியவற்றின் சார்பில்தான். பழைய ஆவணங்களில் ஊரின் பெயர் 'ஷாஸ்டன்' என்றும் வரும். அது வேறு ஊரன்று.

அடுத்தது, வாக்காளர் மிகச் சிலரே இருந்து ஒருவர் கைக்குள் அடங்கிய தொகுதியைக் குறிக்கும் 'அழுகிய பரோ' என்ற ஒரே முத்திரையை எல்லாச் சிற்றூர்களின் மீதும் குத்துவது. பக்கத்துக் கவுண்டியான வில்ட்ஷயரில் இருந்த ஓல்டு சாரம், மக்கள் குடியிருப்பே இல்லாத வெறும் மேடு. பின்னாளில் சென்னை ஆளுநரான தாமஸ் பிட் அதை விலைக்கு வாங்கி வைத்திருந்தார். ஷாஃப்ட்ஸ்பரி அப்படிப்பட்டதன்று. அங்கே 'ஸ்காட் அண்ட் லாட்' என்னும் முறைப்படி, உள்ளூர் வரி செலுத்தும் குடும்பத் தலைவர்களான ஆண்கள் வாக்களித்தார்கள். அந்தக் காலத்து அளவுகோலில் இது அகலமான வாக்குரிமையே. சில நூறு பேர், அவர்களில் பலர் கைவினைஞர்களும் சிறு வியாபாரிகளும், வாக்காளர்களாக இருந்தனர். ஏழையர் நிவாரண வரிப் பட்டியலில் யார் பெயர் சேர்கிறது, யார் பெயர் விடுபடுகிறது என்பதைத் தீர்மானிப்பவர் கையில் தேர்தலின் முடிவே இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். ஓர் ஊரில் வாக்குரிமை யாருக்கு இருந்தது என்று பார்க்காமல் அதன் உறுப்பினர் பட்டியலை மட்டும் படிப்பதில் பயனில்லை.

இந்த அகன்ற வாக்குரிமைதான் 1774ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ஊழலையும் புரியவைக்கிறது. அந்தத் தேர்தலில் கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியில் பெரும்பொருள் ஈட்டித் திரும்பிய பிரான்சிஸ் சைக்ஸும் தாமஸ் ரம்போல்டும் வென்றனர். தோற்ற ஹான்ஸ் வின்த்ராப் மார்ட்டிமர் தேர்தல் மனு தொடுத்தார். விசாரணையில் வெளிவந்த செய்திகள் இவை: வேடமணிந்து 'பஞ்ச்' என்று அழைக்கப்பட்ட ஒருவர், கதவில் இருந்த துளை வழியாக இருபது கினிகள் (கினி என்பது ஒரு பவுனுக்குச் சற்றே கூடிய மதிப்புள்ள பொற்காசு) கொண்ட பொட்டலங்களை வாக்காளர்களுக்கு நீட்டினார், வாங்கியவர்கள் இன்னோர் அறைக்குப் போய், 'கிளென்பக்கெட்' என்ற இல்லாத ஆளுக்குத் தாங்கள் கடன்பட்டதாகச் சீட்டில் கையெழுத்திட்டார்கள். இவ்வாறு பல்லாயிரம் பவுன் கைமாறியது. பணத்தைப் பகிர்ந்ததில் ஊரின் நீதிபதிகளுக்கே பங்கிருந்தது. 1775இல் தேர்தல் செல்லாதென அறிவிக்கப்பட்டு மார்ட்டிமருக்கு இடம் கிடைத்தது. மறு ஆண்டு டார்செஸ்டர் நீதிமன்றத்தில் சைக்ஸிடமிருந்து 11,000 பவுனையும் அவர் வென்றெடுத்தார்.

இந்த நிகழ்ச்சியை வேடிக்கைக் கதையாக மட்டும் சொல்லி, அந்த ஊர் மக்கள் மானத்தை விற்றவர்கள் என்று தீர்ப்பெழுதுவதை நான் பெருந்தவறாகக் கருதுகிறேன். இருபது கினி என்பது அன்றைய கூலித் தொழிலாளி ஒருவரின் ஓராண்டு வருமானத்தை ஒட்டிய தொகை. வாக்கு வாய்மொழியாக, எல்லோர் முன்னிலையிலும் பதிவானது. குடியிருக்கும் வீடோ பெரும்பாலும் வேட்பாளரை ஆதரிக்கும் நிலச்சொந்தக்காரருடையது. மறுப்பவர் வீட்டை இழக்கக்கூடும் என்ற நிலையில் நின்ற ஒருவருடைய தேர்வை, இன்று திரைமறைவில் வாக்களிக்கும் நாம் எளிதாக எடைபோட முடியாது. இத்தகைய செய்திகள் ஏன் அந்தக் காலத்தில் திடீரென வெளிவருகின்றன என்பதற்கும் காரணம் உண்டு. 1770ஆம் ஆண்டின் கிரென்வில் சட்டம், தேர்தல் மனுக்களை முழுச் சபையின் கட்சிப் பெரும்பான்மையிடமிருந்து எடுத்து, பெரும்பாலும் சீட்டுக் குலுக்கலில் அமைந்த சிறு குழுவிடம் ஒப்படைத்தது. 1774இல்தான் ஊழல் தொடங்கியது என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. நேர்மையாக விசாரிக்கும் வழி அப்போதுதான் பிறந்திருந்தது.

தமிழில் எழுதுவோர் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஆண்டு வரிசை. ரம்போல்டு சென்னையின் ஆளுநராக இருந்தது 1778 முதல் 1780 வரை. ஆகவே 1774இல் கதவுத் துளை வழியாக நீட்டப்பட்ட பணத்தை, ஆளுநர் பதவியில் இருந்து அவர் திரட்டிய பணம் என்று எழுதினால் அது காலவழு. அவருடைய தொடக்கச் செல்வமும் சைக்ஸின் செல்வமும் வங்காளத்துப் பணியோடு சேர்ந்தவை.

பால் பென்ஃபீல்டின் கதை வேறு. நவாப் முகம்மது அலிக்குக் கடன் கொடுத்து, அதற்கு ஈடாகத் தஞ்சாவூர்ச் சீமையின் விளைச்சல் மீதே உரிமை கோரியவர் அவர். தஞ்சாவூர் மீண்டும் அரசர் துளஜாவிடம் ஒப்படைக்கப்பட்டபோது எழுந்த சச்சரவில்தான் 1776இல் சென்னை ஆளுநர் பிகட் சிறைப்பட்டு, அடுத்த ஆண்டு காவலிலேயே இறந்தார். பென்ஃபீல்டு ஷாஃப்ட்ஸ்பரியின் உறுப்பினராக இருந்தது 1793 முதல் 1802 வரை. 1796இலிருந்து அவருடைய வணிகக் கூட்டாளி வால்டர் பாய்டு இரண்டாவது இடத்தில் அமர்ந்தார். ஆனால் நாடாளுமன்ற உறுப்பினரும் புகழ்பெற்ற பேச்சாளருமான எட்மண்ட் பர்க் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி முழங்கியது 1785இல். அந்த உரையில் குறிக்கப்படும் பென்ஃபீல்டு, அதற்கு முன் வில்ட்ஷயரின் கிரிக்லேடு உறுப்பினராக இருந்தவரே தவிர, ஷாஃப்ட்ஸ்பரியின் உறுப்பினர் அல்லர். பென்ஃபீல்டு தன்னோடு சேர்த்து எட்டுப் பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார் என்று அதில் பர்க் சொல்வதும் எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டு. அதை அவ்வாறே குறிக்க வேண்டும். காவிரிக் கரையின் நெல் எப்படி ஓர் ஆங்கிலேயரின் செல்வமாகிப் பிறகு நாடாளுமன்ற இடமாகவும் ஆனது என்பது உண்மையாகவே கனத்த செய்தி. அதற்குத் தவறான தேதிகளின் துணை தேவையில்லை.

தேர்தலில் வென்றவர் பட்டியலும் சபையில் அமர்ந்தவர் பட்டியலும் ஒன்றல்ல என்பதை மறப்பது இன்னொரு பிழை. 1780இல் ரம்போல்டு மீண்டும் வென்றார். 1781இல் மனுவின் மேல் அந்த இடம் மார்ட்டிமரிடம் போனது. 1838இலும் இதுபோல் மனுவின் மேல் பவுல்ட்டர் என்ற உறுப்பினர் இடமிழக்க, மேத்யூ என்பவர் அமர்ந்தார். எனவே தேர்தல் நாளையும் மனுவின் முடிவையும் சேர்த்தே எழுத வேண்டும். 1752க்கு முந்தைய ஆவணங்களில் புத்தாண்டு மார்ச் 25இல் தொடங்கும் என்பதால், ஜனவரி, பிப்ரவரித் தேதிகளை ஓராண்டு கூட்டிப் படிக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, 1832ஐ விடுதலை ஆண்டாகக் கொண்டாடும் தவறு. சுமார் 1820இல் ஊரின் சொத்துகளை வாங்கிய ஏர்ல் குரோஸ்வெனர் 1827இல் அங்கே நகர மண்டபம் கட்டித் தந்தார். இத்தகைய நிலவுடைமைச் செல்வாக்கு ஒரு சட்டத்தால் ஒரே நாளில் கரைந்துவிடவில்லை. 1832ஆம் ஆண்டுச் சட்டம்தான் வாக்காளர் 'ஆண்' என்பதை முதன்முதலாக எழுத்தில் வைத்தது. ரகசிய வாக்கு 1872இல் வந்தது. பரோ 1885இல் வடக்கு டார்செட்டோடு கலந்துபோனது. ஏறத்தாழ 590 ஆண்டுகள் உறுப்பினர்களை அனுப்பிய ஊரில், தம் தேர்வை நிலச்சொந்தக்காரரிடமிருந்து மறைத்துக்கொள்ள வாக்காளர்களுக்குக் கிடைத்தவை அந்தக் கடைசிப் பதின்மூன்று ஆண்டுகளே.