முதலில் சிம்மைப் பூட்டுங்கள்: டர்பன்வாசிகளுக்கு ஒரு செய்முறை

செல்பேசியைப் பறிகொடுத்தவர் விலையை எண்ணித்தான் புலம்புவார். விவரமான திருடனோ உள்ளே இருக்கும் சிம்மைக் குறிவைப்பான். அதைக் கழற்றி வேறு போனில் போட்டால் வங்கியின் ஓடிபி, வாட்ஸ்அப் சரிபார்ப்பு எண் எல்லாம் அவன் கைக்கு வரும். திரைக்கு வைத்த கைரேகைப் பூட்டு அங்கே செல்லாது. ஆகவே சிம்மிலிருந்து தொடங்குவோம்.

படி 1: சிம் பின் (சிம்மைப் பூட்டும் ரகசிய எண்)

அமைப்புகளைத் திறந்து, தேடல் பெட்டியில் ‘சிம்’ என்று தட்டுங்கள். சிம் பூட்டு என்ற வரி வரும். அதை இயக்கினால் இப்போதைய பின் எண்ணைக் கேட்கும். ஊகித்துத் தட்டாதீர்கள்; சிம் பொருத்தி வந்த பிளாஸ்டிக் அட்டையில் பாருங்கள், இல்லையேல் நிறுவனத்தைக் கேளுங்கள். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு, அதைத் திறக்கும் 8 இலக்க பியூகே எண்ணைக் கேட்கும். அதையும் பத்து முறை தவறவிட்டால் அந்த சிம் குப்பைக்குத்தான். பழைய எண் ஏற்றதும் உங்களுடையதாக மாற்றி, போனை அணைத்துப் போடுங்கள். பின் கேட்டால் வேலை முடிந்தது. பிறந்த ஆண்டு மட்டும் வேண்டாம்.

படி 2: பூட்டிய திரையில் குறுஞ்செய்தி தெரியாதபடி அறிவிப்புகளை மறையுங்கள். வாட்ஸ்அப்பில் இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள்.

படி 3: *#06# என்று அழுத்தினால் உங்கள் போனுக்கே உரிய 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்இஐ தோன்றும். இரண்டு சிம் போனில் இரண்டு எண்கள் இருக்கும். காகிதத்தில் எழுதி வீட்டில் வையுங்கள். அதே போனில் படமெடுத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள், என்ன சொல்ல!

படி 4: தெருவில்

வாரிக் சந்திப்பு நெரிசலில் வழி பார்க்க வேண்டுமானால் ஒரு கடைக்குள் ஏறி நின்று பாருங்கள். மினிபஸ் டாக்சியில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் போன் பைக்குள் இருக்கட்டும். காரில் இருக்கைமேல் வைக்காதீர்கள். போக்குவரத்து விளக்கில் நிற்கும் சில நொடிகளில் கண்ணாடியை உடைத்து எடுத்துவிடுவார்கள். ஆயுதத்தோடு கேட்டால் பேசாமல் கொடுத்துவிடுங்கள். உடனிருப்பவர் போனில் ஏர்டைம் (பேசுவதற்கான இருப்பு) இல்லாவிட்டாலும் 112-ஐ அழைக்கலாம்.

படி 5: சிக்னல் திடீரென்று போனால்

மின்வெட்டு நீண்டால் கோபுர பேட்டரி தீர்ந்து தெருவுக்கே சிக்னல் போகும். அதே நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சிக்னல் இருந்து உங்களுக்கு மட்டும் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். யாரோ உங்கள் பெயரில் மாற்று சிம் வாங்கியிருக்கலாம்; அது இயங்கத் தொடங்கினால் உங்கள் சிம் செயலிழந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் போனிலிருந்தே வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், பிறகு சிம் நிறுவனத்தை.

படி 6: போன் போய்விட்டால்

சிம்மை முடக்குங்கள், வங்கிக்குச் சொல்லுங்கள், கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கு வழியே போனைத் தொலைவிலிருந்து பூட்டுங்கள். பின் காவல் நிலையத்தில் வழக்கு எண் வாங்கி, ஐஎம்இஐயோடு நிறுவனத்திடம் கொடுத்தால் போன் நெட்வொர்க்கில் இயங்காதபடி கறுப்புப் பட்டியலில் சேர்ப்பார்கள். அதற்குமுன் சோபா இடுக்கை ஒருமுறை துழாவிவிடுங்கள். பட்டியலில் ஏறியதை இறக்க மறுபடியும் அவர்களிடம்தான் போய் நிற்க வேண்டும்.