மிச்ச பாட்டில்களும் சுண்டக்கறிப் புத்தியும்

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள், கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டு ஐஸ்பெட்டிக்கு மேலே இருக்கும் அலமாரியைத் திறந்தால் வருடா வருடம் ஒரே காட்சிதான். கால் பாட்டில் டார்க் ரம், அடியில் இரண்டு விரல் அளவு ஜின், லங்காவி போனவர் யாரோ வரியில்லாமல் கிடைத்தது என்று வாங்கிவந்து ஒரு வாய்க்கு மேல் யாரும் தொடாத கசப்பு மதுவான கம்பாரி, போன வருடத்து வெர்மூத், பாதி பெய்லீஸ், கண்ணைப் பறிக்கும் நீலத்தில் ஒரு புளூ குராசோ. இந்த வரிசையைப் பார்த்ததும் மச்சான்களில் ஒருவர் கட்டாயம் சொல்வார்: "எல்லாத்தையும் ஒண்ணா ஊத்தி ஒரு காக்டெயில் போட்டுருவோம்லா!"

முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. நமக்கு இது சுண்டக்கறியில் வந்த பழக்கம். விருந்துக்கு மறுநாள் மிஞ்சிய சாம்பார், கூட்டு, காரக்குழம்பு எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டிச் சுண்ட வைத்தால் விருந்தைவிட ருசியாக இருக்கும். ஆனால் அந்தக் கறிகள் எல்லாம் ஒரே அடுப்பில், ஒரே புளியிலும் மிளகாய்த்தூளிலும் பிறந்த அண்ணன் தம்பிகள். பாட்டில்களுக்கு அப்படி உறவு எதுவும் இல்லை. ஜின்னின் வாசம் ஜூனிப்பர் காயிலிருந்து வருகிறது. புகையடித்த ஸ்காட்ச் விஸ்கியின் வாசம், பார்லியை உலர்த்திய பீட் கரி நெருப்பிலிருந்து வருகிறது. இரண்டையும் ஒரு குவளையில் விட்டால் மருந்துக்கடைக்குத் தீப்பிடித்த மாதிரி இருக்கும். ரம்மும் பிராண்டியும் ஓரளவு ஒத்துப்போகும். ஒன்று கரும்பு, மற்றது திராட்சை என்றாலும் இரண்டும் மரப்பீப்பாயில் கிடந்து பழகியவை. வோட்கா எதோடும் சண்டைக்குப் போகாது, எதற்கும் பெரிதாக உதவவும் செய்யாது. ஆகவே ஒரு பாட்டிலை முதலில் தேர்ந்தெடுங்கள், அதற்குத் துணையாக வேண்டுமானால் இன்னொன்று. மூன்றாவது பாட்டிலை எடுக்கக் கை நீளும்போது, நாம் கலக்குகிறோமா, அலமாரியைக் காலி செய்கிறோமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது, மூடி போட்டு வைத்தால் எதுவும் கெடாது என்ற நம்பிக்கை. விஸ்கி, ரம், ஜின் போல 40 சதவீதச் சரக்கு கெடாது என்பது உண்மைதான். பாதிக்குமேல் காலியான பாட்டிலில் காற்று நிறைந்து வாசம் மெல்ல மெல்லக் குறையும், அவ்வளவே. வெர்மூத் அப்படியில்லை. அது வைனில் மூலிகை ஊறவைத்துச் செய்வது, 15 முதல் 18 சதவீதம்தான் இருக்கும். திறந்த நாளிலிருந்து அதை வைன் என்று நினைத்துத்தான் நடத்த வேண்டும்: ஐஸ்பெட்டிக்குள் வைத்து, ஒன்றிரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். திறந்த சிவப்பு வைனுக்கு ஐஸ்பெட்டியிலும் ஐந்து நாளுக்குமேல் ஆயுள் இல்லை. நம் ஊர்ச் சமையலறை பகலில் 30 டிகிரிக்குக் குறைவது அபூர்வம். அடுப்புக்கு மேலுள்ள அலமாரியோ இன்னும் மோசம். நான் ஒருமுறை ஒரு வருடமாக அங்கே கிடந்த வெர்மூத்தை ஜின்னோடும் கம்பாரியோடும் சரிக்குச் சரி கலந்து, ஆரஞ்சுத் தோலெல்லாம் சுருட்டிப் போட்டு அக்காவிடம் நீட்டினேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னடா இது, ஊறுகாய் ஜாடி கழுவுன தண்ணியா?" என்றாள். ஜின்னும் வீண், கம்பாரியும் வீண். இதைத் தவிர்க்க ஒரு நிமிடம் போதும். கலப்பதற்கு முன் ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் அரை தேக்கரண்டி தனியாக நாக்கில் விட்டுப் பாருங்கள். தனியாக நன்றாக இல்லாதது கலந்த பிறகும் நன்றாக இருக்காது.

பெய்லீஸ் விஷயம் வேறு. பன்னீர் செய்யத் தெரிந்த வீட்டில் இந்தத் தவறு நடக்கவே கூடாது, ஆனாலும் நடக்கிறது. கொதித்த பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிகிறது அல்லவா? பாலிலுள்ள கேசின் என்ற புரதம் புளிப்புப் பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. பெய்லீஸ் விஸ்கியும் பாலாடையும் சேர்ந்தது. அதில் லிமாவ் கஸ்தூரி என்ற சின்ன எலுமிச்சையைப் பிழிந்தாலும் அதே கதைதான், ஆறியிருந்தாலும் திரியும். பண்டுங்கும் அப்படியே. ரோஸ் சிரப்போடு கெட்டிப்பால் சேர்ந்த அந்த இளஞ்சிவப்பில் ரம் விடலாம், தப்பில்லை. புளிப்பு மட்டும் கூடாது. பண்டிகைக்கு அக்கம்பக்கத்தாரை வீட்டுக்கு அழைக்கும் ஒரு திறந்த இல்ல உபசரிப்பில் ஒரு ஜக் பண்டுங்கில் நான் ரம்மும் விட்டு, 'கொஞ்சம் புளிப்பு இருந்தால் எடுப்பாக இருக்கும்' என்று ஆறு லிமாவும் பிழிந்தேன். ஐந்து நிமிடத்தில் அது ரோஜா நிற மோர்க்குழம்பாகிவிட்டது. பாலை வேண்டுமென்றே திரியவைத்து வடிகட்டித் தெளிந்த பானம் எடுக்கும் பழைய முறை ஒன்று உண்டு, அதற்கு மெல்லிய துணியும் பல மணி நேரப் பொறுமையும் வேண்டும்; விருந்தாளிகள் வாசலில் நிற்கும்போது ஆகாது. மிச்ச பெய்லீஸுக்கு நல்ல ஜோடி ஆறவைத்த கொப்பி ஓ, அதாவது பால் சேராத காப்பி. சர்க்கரை குறைத்துச் சொல்லி வாங்குங்கள், பெய்லீஸிலேயே நிறைய இனிப்பு இருக்கிறது. பாட்டிலின் தேதியையும் பாருங்கள்: தயாரித்து இரண்டு வருடம், அதுவும் 25 டிகிரிக்கு மேல் போகாமல் வைத்திருந்தால்தான்.

இனி அளவு. ரசத்துக்குப் புளி கரைக்கும் கை கணக்குத் தவறாது. அந்தத் துணிச்சலில் பாட்டிலையும் கைக்கணக்கில் சாய்க்கிறோம். ரசத்துக்குக் கை பழக ஆயிரம் முறை வைத்திருக்கிறோம், இதற்கு வருடத்தில் இரண்டு முறை. பாரில் பார்க்கும் எஃகு அளவுகோப்பை வாங்க வேண்டியதில்லை. இருமல் மருந்தோடு வரும், மில்லிக் கோடு போட்ட பிளாஸ்டிக் மூடியைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு 60 மில்லி, புளிப்பு 20, இனிப்பு 20 என்று தொடங்கினால் எந்த மிச்ச ரம்மும் ஜின்னும் குடிக்கும்படி வந்துவிடும். பிறகு நாக்குச் சொல்கிறபடி ஐந்து ஐந்து மில்லியாகக் கூட்டலாம். லிமாவ் கஸ்தூரி ஒன்றில் ஒரு தேக்கரண்டிச் சாறுகூடத் தேறுவது சிரமம், ஆகவே நாலைந்து வேண்டும். கொட்டையை வடிகட்டிவிடுங்கள், கடிபட்டால் கசக்கும். சர்க்கரையை அப்படியே போடாதீர்கள், குளிர்ந்த மதுவில் கரையாமல் அடியில் மணலாகக் கிடக்கும். கூலா மலாக்கா என்ற தென்னை வெல்லத்தைச் சம எடைத் தண்ணீரில் காய்ச்சி வடிகட்டினால் ரம்முக்கு அதைவிடப் பொருத்தமான பாகு இல்லை என்பேன். கடையில் விற்கும் லைம் கார்டியலைப் புளிப்பு என்று நினைத்து அதற்குமேல் பாகும் விடுவது நம்மவர்கள் அடிக்கடி செய்வது. அதில் ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறது. ரோஸ் சிரப் ஒரு தேக்கரண்டியைத் தாண்டினால் குவளையில் கல்யாண மாலை வாசம்.

கசப்பு அதிகமாகிவிட்டால் பெரும்பாலோர் சர்க்கரையைக் கொட்டுகிறார்கள். ஒரு கல் உப்பு போட்டுப் பாருங்கள். உப்பு கசப்பை நாக்கில் அடக்கும். குவளையில் ஓர் ஆசாம் பொய், அந்த உப்பிட்டு உலர்த்திய பிளம் பழத்தைப் போட்டால் உப்பும் புளிப்பும் ஒன்றாக வந்துவிடும்.

யாரும் தொடாத அந்தக் கம்பாரிக்கு வழி நம் ஊரிலேயே இருக்கிறது. 1970களில் கோலாலம்பூர் ஹில்டன் ஹோட்டலின் ஏவியரி பாரில் ஜெஃப்ரி ஓங் உருவாக்கிய ஜங்கிள் பேர்ட், இன்று உலகம் முழுதும் பார்களில் ஊற்றப்படுகிறது. அதில் இருப்பது டார்க் ரம், கம்பாரி, அன்னாசிச் சாறு, எலுமிச்சை, பாகு. ரம் 45 மில்லி, கம்பாரி 20, எலுமிச்சையும் பாகும் 15 வீதம். அன்னாசியைப் பழைய குறிப்பு 120 மில்லி என்கிறது, இப்போதைய பார்கள் 45க்குக் குறைத்துவிட்டன. எனக்கு 60 பிடிக்கும். தனியாகக் குடித்தால் முகம் சுளிக்க வைக்கும் கம்பாரி, அன்னாசியின் இனிப்பைத் திகட்டாமல் பிடித்து நிறுத்துகிறது. சாறு மட்டும் பழத்திலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். குலுக்கும்போது எழும் நுரை பெட்டிச் சாற்றில் அவ்வளவாக வராது.

குலுக்குவதென்றால் ஐஸ். நெத்திலியும் இறால் விழுதான பெலாச்சானும் கிடக்கும் ஃபிரீசரில் திறந்த தட்டில் உறைந்த ஐஸ், அந்த வாசத்தை எல்லாம் வாங்கி வைத்திருக்கும். கடையில் பை ஐஸ் வாங்குங்கள், வாங்கியதும் உருகும் முன் பயன்படுத்துங்கள். ஐஸைக் கஞ்சத்தனமாகப் போட்டால் தண்ணீர் சேராது என்று நினைப்பது தலைகீழ்க் கணக்கு: இரண்டு கட்டி சீக்கிரம் உருகித் தண்ணீராகும், குவளை நிறைய இருந்தால் ஒன்றையொன்று குளிர வைத்து மெதுவாக உருகும். ஆனாலும் கொஞ்சம் தண்ணீர் சேரத்தான் வேண்டும். நன்றாகக் குலுக்கிய காக்டெயிலில் கால் பங்கோ அதற்கு மேலோ ஐஸ் தண்ணீர் கூடும், குறிப்புகள் அதையும் கணக்கில் வைத்தே எழுதப்பட்டவை. குலுக்க, இறுக்கி மூடும் பிளாஸ்டிக் புரோட்டீன் குவளை போதும். ஊறுகாய்க் கண்ணாடி ஜாடி வேண்டாம், உள்ளே ஐஸ் மோதி உடையும். சோடா, சார்சி, 100 பிளஸ் போன்ற வாயு பானம் எதையும் மூடிக்குள் விட்டுக் குலுக்காதீர்கள். மூடி பறக்கும், சட்டை நனையும். அவற்றைக் கடைசியில் மேலே ஊற்றினால் போதும்.

நான் அதிகம் பயப்படும் தவறு ருசியைப் பற்றியது அல்ல. மிச்சம்தானே என்று நாலு வகைச் சரக்கிலும் 25 மில்லி விடுகிறோம். 40 சதவீதத்தில் அந்த 100 மில்லியில் 40 மில்லி சுத்த ஆல்கஹால். ஒரு 320 மில்லி பீர் டின்னில் 5 சதவீதத்துக்கு 16 மில்லிதான். ஆக ஒரு குவளை இரண்டரை டின். அன்னாசியும் பாகும் அதை மறைத்துவிடும், பத்து நிமிடத்தில் காலி. சத்து பானம் என்று விற்கும் காஃபின் பானத்தைக் கலந்தால் போதையே தெரியாமல் போகும். தெரியாமல்தான் போகும், குறையாது. 2020 அக்டோபர் 23 முதல் நம் நாட்டில் வாகனம் ஓட்டுபவரின் 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கக் கூடாது, முன்பு 80. முதல் முறை பிடிபட்டாலே குறைந்தது 10,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதம், சிறையும் சேரலாம். இரத்தத்தில் ஏறியது 100 மில்லிக்கு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் அளவில்தான் இறங்கும். கருப்புக் கொப்பியோ குளிர்ந்த நீர்க் குளியலோ அதை வேகப்படுத்தாது. வீட்டுக்கு வந்தவர்கள் கிராப் வாடகை வண்டியில் போகட்டும்.

டுரியான் பருவத்தில் வரும் கேள்விக்கும் இங்கேயே பதில். டுரியானும் தண்ணியும் சேராது என்று தாத்தா சொன்னது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் 2009இல் செய்த ஆய்வக ஆய்வில், ஆல்கஹாலை உடைப்பதில் உடலுக்கு உதவும் ஒரு நொதியை டுரியான் சாறு தடுத்தது தெரியவந்தது. அது மனிதரிடம் செய்த சோதனை அல்ல. ஆனாலும் டுரியான் காக்டெயில் என்று யாராவது நீட்டினால் நான் வாங்கமாட்டேன்.

மேசையில் வைக்கும் விதத்திலும் ஒரு தவறு இருக்கிறது. திறந்த இல்லம் என்றால் அடுத்த வீட்டு மலாய் அம்மா மக்சிக் வருவார், வேலையிடத்து மலாய் நண்பர் குழந்தைகளோடு வருவார். ரம் விட்ட பண்டுங்கும் விடாத பண்டுங்கும் பார்வைக்கு ஒன்றுதான். கலந்த ஜக்கைச் சமையலறையிலேயே வைத்து, கேட்பவருக்கு மட்டும் நாமே ஊற்றிக் கொடுக்க வேண்டும், அதற்குத் தனிக் குவளைகள். இது மரியாதைக்கும் மேலே, அவர்கள் மார்க்கத்தைக் காக்கிற விஷயம். பதின்ம வயது மருமகன் கை வைக்காமலும் பார்க்க வேண்டும். 2017 டிசம்பரிலிருந்து 21 வயது ஆகாதவருக்குக் கடையில் மது விற்பதே குற்றம்.

மிச்ச பாட்டில்களில் ஒன்று லேபிள் இல்லாமல் இருந்தால்? மினரல் வாட்டர் பாட்டிலில் யாரோ ஊற்றிக் கொடுத்தது, மலிவு என்று பின்வாசலில் வாங்கியது. அதைக் கலக்காதீர்கள், முகர்ந்துகூடச் சோதிக்காதீர்கள், நேராகத் தொட்டியில் கொட்டுங்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் கலப்பட மதுவிலிருந்த மெத்தனாலால் 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். மெத்தனால் வாசத்திலும் ருசியிலும் சாதாரண ஆல்கஹாலைப் போலவே இருக்கும். கொளுத்தி நீலச் சுடர் வந்தால் நல்லது என்பது சம்சு என்ற மலிவுச் சாராயக் காலத்துக் கட்டுக்கதை; இரண்டும் நீலமாகத்தான் எரியும். எலுமிச்சை பிழிந்தாலும் சூடாக்கினாலும் விஷம் முறியாது. உடல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்ற நேரம் பிடிப்பதால், 12 மணி நேரத்துக்குப் பிறகுகூட வயிற்றுவலியும் கண்மங்கலும் வரும். அதை வழக்கமான தலைவலி என்று நினைத்துத் தூங்கப் போகக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருந்து உண்டு, ஆனால் நேரத்தோடு போனால்தான்.

ஒரு பாட்டிலைக் கொட்டப் பழகிவிட்டால் மற்றவற்றைக் கொட்டுவதும் எளிதாகிறது. இந்த வருடம் வெர்மூத் போயிற்று, ஜின் இரண்டு குவளையில் முடிந்தது, ரம்மும் கம்பாரியும் ஜங்கிள் பேர்டாகிவிட்டன. புளூ குராசோ மட்டும் நிற்கிறது. ஆரஞ்சுச் சாறோடு பச்சையானது, ரோஸ் சிரப்போடு கத்திரிக்காய் நிறமானது, யாரும் குடிக்கவில்லை. அக்காவிடம் யோசனை கேட்டேன். "ஊத்தி வீசுடா. பாட்டில் அழகா இருக்கு, நான் மணிபிளாண்ட் வெச்சுக்கறேன்."