காலேஜ் ரைட்டிங் கோர்ஸ்ல பசங்க பண்ற தப்புங்க: ஒரு எண்ணூர் கட்டுரைய வச்சே சொல்றேன்

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர்னு நம்ம பக்கத்துலேர்ந்து காலேஜ் போய் ரைட்டிங் கோர்ஸ் எடுத்திருக்கிற பசங்களுக்காக இத எழுதுறேன். ரெண்டு மாசம் ஆச்சு, மார்க் அப்படியே நிக்குதுன்னு வர்ற பசங்க பேப்பர வாங்கி பார்த்தா முக்கால்வாசி பேருக்கு பிரச்சனை கிராமரே இல்ல, முதல் தடவ எழுதுனதையே ஃபைனல்னு குடுத்துடுறாங்க. மீதி தப்பெல்லாம் பெரும்பாலும் இதுலேர்ந்து தான் கிளம்புது.

முதல் டிராஃப்ட்ல நாம என்ன சொல்ல வர்றோம்னு நமக்கே சரியா தெரியாது. எழுதிக்கிட்டே போறப்ப கடைசி பாராவுல தான் விஷயம் தலைய காட்டும், அத தூக்கி மேல வச்சுட்டு திரும்ப முதல்லேர்ந்து எழுதுறப்ப தான் கட்டுரைன்னு ஒண்ணு உருவாகும். நாளைக்கு சப்மிட் பண்ணணும்னு இன்னைக்கு நைட்டு பதினொரு மணிக்கு உக்காந்தா இதுக்கு எங்க டைம் இருக்கும்? நாலு நாள் முன்னாடி மோசமாவாச்சும் ஒண்ண எழுதி வச்சுடுங்க, மோசமா இருந்தா பரவால்ல.

எண்ணூர் குப்பத்துலேர்ந்து ஒரு பொண்ணு, ரொம்ப நல்லா பேசும். ஆனா அது கட்டுரை ஆரம்பிச்சது இப்படி: “இன்றைய நவீன உலகில் சுற்றுச்சூழல் மாசு என்பது மனித குலம் எதிர்கொள்ளும் மாபெரும் சவாலாகும்.” பத்தாவது பரிட்சைக்கு மனப்பாடம் பண்ண முன்னுரை, காலேஜ் வரைக்கும் கூடவே வந்துடுச்சு. தமிழ்ல எழுதுனாலும் இங்கிலீஷ்ல எழுதுனாலும் இந்த வரி எந்த ஊரு புள்ள வேணா எழுதலாம். ஓரத்துல “யாரு பார்த்தா? எப்போ?”ன்னு மட்டும் எழுதி குடுத்தேன். அடுத்த டிராஃப்ட்ல வந்த வரி: “மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு இருந்தது. அம்மா சோப்புப் பவுடர் போட்டுத் தேய்த்தார், கை வழுக்கியதே தவிர கோடு போகவில்லை.” இத வேற யாரும் எழுத முடியாது. நம்ம பசங்க நிறைய பேரு தன் தெருவ எழுதுனா கேவலமா பார்ப்பாங்கன்னு மறைக்கிறாங்க, இல்லன்னா சினிமால காட்டுற கத்தி ரத்தம்னு எழுதி வச்சுடுறாங்க. ரெண்டும் வேணாம்பா, கண்ணு பார்த்தத எழுதுங்க.

அதே டிராஃப்ட்ல ஒரு ஃபேக்ட் தப்பு இருந்துச்சு. கப்பல் மோதி கொட்டுன எண்ணெய் தான் வெள்ளத்தோட வீட்டுக்குள்ள வந்துச்சுன்னு எழுதியிருந்துச்சு. கப்பல் ரெண்டு மோதுனது 2017 ஜனவரி 28, காமராஜர் துறைமுகத்துக்கு வெளிய, அந்த எண்ணெய் கடற்கரையில ஒதுங்குனது. வீட்டுக்குள்ள வந்தது 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல, மணலி தொழிற்சாலைங்க பக்கத்துலேர்ந்து தண்ணியோட வந்து எண்ணூர் கழிமுகத்துல பரவுனது. சின்ன வயசுல பார்த்ததும் இப்ப பார்த்ததும் ஒண்ணா கலந்து போச்சு, அது இயல்பு தான், ஆனா பேப்பர்ல வர்றதுக்குள்ள பழைய நியூஸ ஒரு தடவ தேடி பார்த்துடணும். அப்படி பிரிச்சு வச்சப்புறம் தான் அந்த பொண்ணுக்கே ஒரு கேள்வி வந்துச்சு, ரெண்டு தடவையும் ஜனங்க கையால தானே பக்கெட்ல அள்ளுனாங்க, நடுவுல இத்தன வருஷத்துல என்ன மாறுச்சுன்னு. மூணாவது டிராஃப்ட் முழுக்க அந்த கேள்வி தான், அந்த முன்னுரை பாரா போயே போச்சு.

இதே மாதிரி ராயபுரம் ஸ்டேஷன இந்தியாவோட முதல் ரயில்வே ஸ்டேஷன்னு எழுதுறவங்க நிறைய. முதல் பயணிகள் ரயில் 1853ல பம்பாய்லேர்ந்து தானேவுக்கு போனது, ராயபுரத்துலேர்ந்து வாலாஜா ரோடுக்கு போனது 1856, அது தென்னிந்தியாவுக்கு முதல். வாட்ஸ்அப் ஃபார்வர்ட நம்பி நம்ம ஊரு பெருமைய நாமளே தப்பா எழுதலாமா?

அப்புறம் திருத்துறதுன்னா ஸ்பெல்லிங் மாத்துறதுன்னு நெனைக்கிறாங்க. சார் செவப்பு இங்க்ல சுழிச்ச எட்டு எடத்த மட்டும் சரி பண்ணி திருப்பி குடுத்தா அது காப்பி எடுத்தது, திருத்துனது இல்ல. பாராவ எடம் மாத்துங்க, தேவையில்லாதத வெட்டுங்க, அப்புறம் கடைசியா ஸ்பெல்லிங். ஃப்ரெண்டு கிட்ட குடுத்தா “சூப்பர்டா மச்சான்”னு திருப்பி குடுப்பான், அது போதாது, எந்த எடத்துல போரடிச்சுது எங்க புரியலன்னு பென்சில்ல கோடு போட சொல்லுங்க.

சாட்ஜிபிடி கிட்ட எழுத சொல்லி குடுக்குறத பத்தி ஒரே விஷயம். மாட்டுவோமா மாட்டமாட்டோமாங்கிறது இருக்கட்டும், அந்த செவத்து கோடு அதுக்கு தெரியாது, நீங்க சொன்னா தான் தெரியும், சொல்ற அளவுக்கு யோசிச்சுட்டா நீங்களே எழுதிடலாம்.

பழைய டிராஃப்ட அழிக்கிறது இன்னொரு பெரிய தப்பு. நிறைய கோர்ஸ்ல கடைசியா நீ எப்படி வளர்ந்தன்னு ஒரு கட்டுரை கேப்பாங்க, எல்லாரும் “என் தன்னம்பிக்கை வளர்ந்தது, எழுத்துத் திறன் மேம்பட்டது”ன்னு எழுதுவாங்க, ஆதாரம் ஒண்ணும் இருக்காது. முதல் டிராஃப்ட் வரியையும் மூணாவது டிராஃப்ட் வரியையும் பக்கத்து பக்கத்துல வச்சு ஏன் மாத்துனேன்னு நாலு வரி எழுதுனாலே போதும். நோட்டுல எழுதுறவங்க போன்ல போட்டோ எடுத்து வைங்க, கூகுள் டாக்ஸ்னா வெர்ஷன் ஹிஸ்டரில பழசு கிடைக்கும், வேர்ட்னா டிராஃப்ட் ஒண்ணு ரெண்டுன்னு தனித்தனி பேர்ல சேவ் பண்ணுங்க.

மிஸ் கிட்ட போறப்பவும் “எப்படி மிஸ் இருக்கு”ன்னு கேக்காதீங்க, நல்லாருக்குன்னு ஒரு வார்த்தையில அனுப்பிடுவாங்க. “ரெண்டாவது பாராவுக்கு அப்புறம் மூணாவது ஏன் வருதுன்னு உங்களுக்கு புரியுதா மிஸ்?”னு பேப்பர காட்டி கேளுங்க, அவங்க பேனாவ எடுத்துட்டு உக்காந்து சொல்லுவாங்க.