ஓய்வுபெறும் உளவியலாளருக்கு விடைவிழா எடுப்பது எப்படி?

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை ஒன்றில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். எங்கள் மூத்த உளவியலாளர் ஓய்வுபெற்றபோது விழாப் பொறுப்பு என்னிடம் வந்தது. உங்கள் பிரிவிலும் அப்படி ஒருவர் விடைபெறுகிறார் என்றால் இது உதவும்.

முதலில் அவர் எதை மாற்றினார் என்று எழுதுங்கள். 'அன்பானவர், பொறுமைசாலி' என்பது யாருக்கும் பொருந்தும். பி.டி.எஸ்.டி. (போர், வன்முறை போன்ற கொடிய அனுபவத்துக்குப் பின் நீடிக்கும் மனப் பாதிப்பு) என்ற பெயரே 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கக் கையேட்டில் ஏறியது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக உளவியலாளர் பெட்ரீசியா ரெசிக் உருவாக்கிய காக்னிட்டிவ் பிராசஸிங் தெரபி என்ற பி.டி.எஸ்.டி. பேச்சுச் சிகிச்சையில், முன்னாள் படைவீரர் நலத்துறை 2006-இலிருந்து தன் சிகிச்சையாளர்களுக்குப் பெரிய அளவில் பயிற்சி கொடுத்தது. வழக்கமாகப் பன்னிரண்டு அமர்வுகள். "அன்று வேறு சாலையில் வண்டியை விட்டிருந்தால் நண்பன் பிழைத்திருப்பான்" என்பது போன்ற ஓர் எண்ணத்தை வீரர் தாளில் எழுதுவார். அதற்கு ஆதாரம் என்ன, அது தெரிந்திருக்க அன்று வழி இருந்ததா என்று இருவரும் வரிவரியாக அலசுவார்கள். இந்தச் சிகிச்சையை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தவர் எங்கள் மூத்த உளவியலாளர்தான். வேலைக்குப் போகும் வீரர்களுக்காக மாலைநேர அமர்வுகளைப் போராடிப் பெற்றதும் அவர்தான். பேச்சில் இவைதான் இடம்பெற வேண்டும்.

நோயாளிப் பட்டியலை எடுத்து அழைப்பு அனுப்பவே கூடாது. அவரிடம் சிகிச்சை பெற்றவர் யார் என்பதே ரகசியம். காத்திருப்புக் கூடத்தில் அறிவிப்பு ஒட்டி, பக்கத்தில் ஒரு பெட்டி வையுங்கள். விரும்பியவர் கடிதம் போடட்டும். எழுதியவர் சம்மதிக்காமல் எதையும் மேடையில் படிக்காதீர்கள்.

பரிசு விஷயம் சுருக்கமாக: அரசு ஊழியர் விதிப்படி, ஓய்வுபெறும் மேலதிகாரிக்காக விரும்பியவர் சிறு தொகை போடலாம், யாரையும் வற்புறுத்தக் கூடாது.

பலூன் வேண்டாம், வெடித்தால் சிலருக்கு உடம்பே நடுங்கிவிடும். சுவரை ஒட்டி, வாசல் தெரியும்படி சில நாற்காலிகள் போடுங்கள். உதவி நாய்களுக்கு இடமும் தண்ணீரும் இருக்கட்டும்.

அப்புறம், விழாவைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு. அவரிடம் இப்போது சிகிச்சையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அடுத்து யாரைப் பார்ப்பது, முதல் சந்திப்பு எப்போது என்பது விழாவுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். நம்பிக்கை வைத்த ஒருவர் போவது பலருக்குப் பெரிய இழப்பு. அறிவிப்பின் அடியிலேயே நெருக்கடி உதவி எண்ணையும் அச்சிடுங்கள்: 988 அழைத்து, 1-ஐ அழுத்தவும்.