கூரைப் பெட்டியைத் திருப்பினால் வண்டி திரும்பும்: லெகோவில் ஒரு பம்பாய் டாக்ஸி

எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மாட்டுங்கா, சயான், தாதர் என்று பல வருஷம் கருப்பு-மஞ்சள் டாக்ஸி ஓட்டியவர். லெகோ கட்டிகளில் நான் செய்த முதல் பத்மினி கார் டாக்ஸியை அவரிடம்தான் காட்டினேன். வாங்கிப் பார்த்தார், தரையில் வைத்து உருட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஸ்டியரிங் திரும்பல, மீட்டர் ஓடல. இது வண்டி இல்ல தம்பி, போட்டோ."

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. இரண்டாவது டாக்ஸியில் இரண்டையும் ஓட வைத்தேன். அதை எப்படிச் செய்தேன் என்பதுதான் இந்தப் பதிவு. லெகோவில் வீடும் சுவரும் கட்டியிருக்கிறீர்கள், பல்சக்கரத்தைத் தொட்டதில்லை என்றால் இது உங்களுக்கு.

பத்மினியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. குர்லாவில் இருந்த பிரீமியர் ஆலையில் தயாரான ஃபியட் 1100-இன் உள்ளூர் வாரிசு அது. மும்பையில் டாக்ஸிக்கு வயது வரம்பு 20 வருஷம். கடைசி பத்மினி டாக்ஸி பதிவானது 2003 அக்டோபரில், அதனால் 2023 அக்டோபர் முடிவோடு அவை சாலையிலிருந்து போய்விட்டன. செய்பவர்களுக்கு வசதியும் உண்டு: உடம்பெல்லாம் கருப்பு, கூரை மஞ்சள். எந்தப் பழைய லெகோ டப்பாவைக் கவிழ்த்தாலும் இந்த இரண்டு நிறமும் கொட்டும்.

முதலில் டயர், பிறகு மற்றது

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் பானெட்டில் ஆரம்பிப்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பானெட்டைப் பிரித்து எத்தனை முறை கட்டினாலும் கட்டலாம், டயரை அப்படிப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ முடியாது. கையில் இருக்கும் டயர்தான் வண்டியின் மொத்த அளவையும் முடிவு செய்கிறது.

என்னிடம் இருந்தது 30.4 மி.மீ. விட்டம், 14 மி.மீ. அகலம் உள்ள டயர். பக்கவாட்டில் நேராக எடுத்த ஒரு பத்மினி படத்தைத் திரையில் வைத்து, ஸ்கேலால் டயரின் விட்டத்தை அளந்தேன். முன் அச்சிலிருந்து பின் அச்சு வரையான தூரம் அதைப் போல் கிட்டத்தட்ட நாலு மடங்கு வந்தது. அப்படியானால் நம் வண்டியில் அது 120 மி.மீ. லெகோவில் கட்டி மேல் இருக்கும் ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் 8 மி.மீ. இடைவெளி, ஆகவே 15 குமிழ். அசல் பத்மினியில் இந்தத் தூரம் 2.34 மீட்டர். வகுத்துப் பார்த்தால் நம் வண்டி சுமார் 20-இல் ஒரு பங்கு. இதே கணக்கில் நீளம் 25 குமிழ், அகலம் 9 குமிழ்.

அகலம் ஒற்றைப்படையில் வந்தது அதிர்ஷ்டம். டெக்னிக் பீம்கள் (லெகோவின் இயந்திர வகைப் பாகங்களில் வரும் துளையுள்ள நீளச் சட்டங்கள்) பெரும்பாலும் 5, 7, 9 என ஒற்றைப்படை நீளத்தில்தான் வரும். நடுத்துளை வண்டியின் நடுக்கோட்டில் வந்து உட்காரும். 8 குமிழ் அகலத்தில் இதே வேலையைச் செய்ய முயன்று ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கியிருக்கிறேன்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். 14 மி.மீ. அகல டயர் என்றால் அசலில் 28 செ.மீ. பத்மினிக்கு ஒல்லியான கால், நம்முடையதற்கு யானைக்கால். இந்த விட்டத்தில் வேறு டயர் என்னிடம் இல்லை, அதனால் விட்டுவிட்டேன்.

இரண்டு இயக்கம் போதும்

ஸ்டியரிங், மீட்டர், அசையும் பிஸ்டன், ஸ்பிரிங் என்று ஆசை நீளும். 9 குமிழ் என்பது 72 மி.மீ. இரண்டு பக்க டயருக்கும் 28 போனால் நடுவில் மிஞ்சுவது 44 மி.மீ., அதாவது ஐந்தரைக் குமிழ். நம் எல்லா இயந்திரமும் அந்தச் சந்துக்குள்தான் வாழ வேண்டும். பிஸ்டனை நான் அப்போதே விட்டுவிட்டேன். பானெட்டைத் திறந்தால் உள்ளே ஸ்டியரிங் தண்டுதான் தெரியும். அண்ணாச்சி பானெட்டைத் திறக்கவே இல்லை.

ஸ்டியரிங்

இந்த அளவு வண்டியில் டிரைவர் கையிலிருக்கும் ஸ்டியரிங் வட்டத்தை நம் விரலால் பிடிக்க முடியாது. அதனால் திருப்பும் பிடியைக் கூரைக்குக் கொண்டுபோக வேண்டும். பம்பாய் டாக்ஸியில் கூரை மேல் கேரியர் இருக்கும், அதில் ஊருக்குப் போகிறவர்களின் பெட்டி இருக்கும். அந்தப் பெட்டிகளில் ஒன்றுதான் நம் பிடி.

பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு ஆக்சில் (அச்சுக் கம்பி) செங்குத்தாகக் கீழே இறங்குகிறது. அதன் நுனியில் 12 பல் சாய்வுப் பல்சக்கரம். அது இன்னொரு 12 பல் சக்கரத்தைப் பிடித்து, படுத்திருக்கும் ஒரு ஆக்சிலைச் சுழற்றுகிறது. அந்த ஆக்சில் நடுக்கோட்டில் முன்பக்கம் போகிறது. அதன் முன்நுனியில் 8 பல் சக்கரம், அதன் கீழே குறுக்காக 4 குமிழ் நீள ரேக். ரேக் என்பது நேராக நீட்டி வைத்த பல்சக்கரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ரேக் வழுக்குவதற்கு அடியில் குமிழ் இல்லாத டைல் போடுங்கள்.

முன் சக்கரங்களுக்கு: 5 துளை பீம் ஒன்று குறுக்காக. அதன் இரு முனையிலும் செங்குத்தாக ஒரு பின் (துளையில் செருகும் சின்ன முளை), அதைச் சுற்றித் திரும்பும் சக்கரத் தாங்கி. தாங்கியிலிருந்து பின்பக்கமாக 2 குமிழ் நீளத்துக்கு ஒரு கை நீட்டியிருக்க வேண்டும். இரண்டு கைகளையும் இன்னொரு 5 துளை பீமால் இணைத்து, அதை ரேக்கோடு சேர்த்துவிட்டால் ரேக் நகரும்போது இரண்டு சக்கரமும் சேர்ந்து திரும்பும். இங்கே பின் விஷயத்தில் கவனம். லெகோவில் கருப்பு, நீலப் பின்கள் இறுக்கமானவை, வெளிர் சாம்பல் பின் தளர்வாகச் சுற்றும். சுற்ற வேண்டிய நான்கு இடத்திலும் சாம்பல்தான்.

இப்போது கொஞ்சம் கணக்கு. 8 பல் சக்கரம் ஒரு முழுச் சுற்றுக்கு ரேக்கைச் சுமார் 25 மி.மீ. தள்ளும். பெட்டியைக் கால் சுற்று திருப்பினால் 6.3 மி.மீ. கை 16 மி.மீ. நீளம் என்பதால் சக்கரம் 23 டிகிரி திரும்பும். கையை 8 மி.மீ. ஆக வைத்திருந்தால் 50 டிகிரியைத் தாண்டி, சக்கரம் குறுக்கே நின்றுவிடும். கை நீளமாக இருந்தால் திருப்பம் நிதானமாக இருக்கும்.

தாளில் 23 வந்ததே தவிர, வண்டியில் டயர் ரேக்கை உரசியது. அந்தப் பின் செருகியிருக்கும் இடமும் டயரின் நடுவும் ஒன்றல்ல, இடையில் 13 மி.மீ. தள்ளி இருக்கிறது. அதனால் டயர் நின்ற இடத்திலேயே திரும்பாமல், 5 மி.மீ. வரை முன்னும் பின்னும் நகர்ந்து திரும்புகிறது. இதற்கு இரண்டு வேலை செய்தேன். சக்கர வளைவை முன்னும் பின்னும் ஒரு குமிழ் பெரிதாக்கினேன். ரேக்கின் இரண்டு பக்கமும் ஒரு சின்ன உருளைக் கட்டியைத் தடுப்பாக வைத்து, திருப்பத்தை 15 டிகிரியில் நிறுத்தினேன். இப்போது வண்டி சுமார் 45 செ.மீ. ஆரத்தில் வட்டம் போடுகிறது. சாப்பாட்டு மேஜைக் காலைச் சுற்றி வர அது போதும்.

பெட்டியை வலது பக்கம் திருப்பினால் வண்டி இடது பக்கம் போகிறதா? எல்லோருக்கும் ஒரு தடவை நடக்கும். செங்குத்து ஆக்சிலின் சாய்வுச் சக்கரம் மற்றதன் மேல்பக்கத்தைப் பிடித்திருந்தால், அதைக் கீழ்ப்பக்கத்துக்கு மாற்றுங்கள். திசை மாறிவிடும்.

அசல் கார்களில் உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கத்தை விடச் சற்று அதிகம் திரும்பும். ஆக்கர்மன் அமைப்பு என்பார்கள், 1818-இல் காப்புரிமை பெற்ற விஷயம், குதிரை வண்டிக்காக வந்தது. இந்த அளவில் அதற்கு மெனக்கெட வேண்டாம்.

மீட்டர்

எனக்குப் பிடித்த பகுதி இதுதான். பழைய டாக்ஸியில் மீட்டர் வண்டிக்கு வெளியே, இடது பக்கம், முன்கண்ணாடிக்கு அருகில் இருக்கும். நம் வண்டியிலும் அங்கேதான் ஒரு வட்டத் தட்டு. வண்டி உருள உருள அது மெதுவாகச் சுற்ற வேண்டும்.

மெதுவாக என்றால் வார்ம் கியர்தான். திருகாணி மாதிரி இருக்கும். அது ஒரு சுற்று சுற்றினால் எதிரே இருக்கும் சக்கரம் ஒரே ஒரு பல் நகரும். பின் ஆக்சிலில் வார்ம், அதன் மேலே 24 பல் சக்கரம். 24 பல் சக்கரத்தின் ஆக்சில் முன்பக்கமாக நீண்டு, டிரைவருக்கு இடது பக்கத்துச் சீட்டுக்குப் பக்கமாகப் போய் மீட்டர் தட்டில் முடிகிறது.

வார்மின் மையத்துக்கும் 24 பல் சக்கரத்தின் மையத்துக்கும் இடையே சரியாக 16 மி.மீ. வேண்டும். லெகோவில் ஒரு பிரிக்கின் உயரம் 9.6, ஒரு பிளேட் (மெல்லிய கட்டி) 3.2. துளையுள்ள பிரிக் ஒன்றை வைத்து, மேலே இரண்டு பிளேட், அதன் மேல் இன்னொரு துளையுள்ள பிரிக் வைத்தால் இரண்டு துளைக்கும் நடுவே 9.6 + 6.4 = 16. இந்த 'ஒரு பிரிக், இரண்டு பிளேட்' கணக்கு மனப்பாடமாக இருக்கட்டும். செங்குத்தாக ஒரு பீமை வைத்துப் பின் போட்டுப் பூட்டுவதற்கும் இதே இடைவெளிதான் உதவும். என் முதல் சேஸியில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) அந்தப் பூட்டு இல்லை. பெட்டியைக் கொஞ்சம் அழுத்தித் திருப்பியபோது முன்பக்கம் மொத்தமாகக் குமிழிலிருந்து கழன்று கையோடு வந்தது.

பின் சக்கரத்தில் ஒரு சிக்கல். இரண்டு சக்கரத்தையும் ஒரே ஆக்சிலில் இறுக்கினால் வண்டி திரும்பும்போது ஒன்று இழுபடும். அசல் காரில் இதற்கு டிஃபரென்ஷியல் உண்டு, இரண்டு சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு. நமக்கு இருக்கும் ஐந்தரைக் குமிழில் அதையும் வார்மையும் சேர்த்து அடைப்பது பெரும்பாடு. அதனால் இடது சக்கரம் மட்டும் ஆக்சிலைச் சுழற்றட்டும், வலது சக்கரம் தன் பாட்டுக்கு ஓடட்டும். இந்த டயருக்கான ரிம் இரண்டு வகையில் வருகிறது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், நடுத்துளை மட்டும் ஒன்றில் கூட்டல் குறி, மற்றதில் வட்டம். கூட்டல் குறி உள்ளது ஆக்சிலோடு சேர்ந்து சுற்றும். அது பின் இடது சக்கரத்துக்கு மட்டும். மற்ற மூன்றும் வட்டம்.

ஆக்சில் ஆடாமல் இருக்க இரு பக்கமும் புஷ் (ஆக்சிலில் மாட்டும் சின்ன வளையம்) போடுவோம். அதை பீமோடு ஒட்ட அழுத்திவிட்டால் தீர்ந்தது, சக்கரம் சுற்றாது. இதற்கு நான் வைத்திருக்கும் கருவி ஹோட்டல் பில். கிங்ஸ் சர்க்கிளில் டிபன் சாப்பிட்டுவிட்டு வரும்போது பில்லைத் தூக்கிப் போடுவதில்லை. அதை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, ஒருமுறை மடித்து, பீமுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே செருகுவேன். புஷ்ஷைத் தாளோடு ஒட்டும்வரை தள்ளுவேன். பிறகு தாளை உருவினால், அதன் கனத்துக்கு ஒரு மயிரிழை இடைவெளி நிற்கும். சக்கரத்தை விரலால் சுண்டிப் பாருங்கள். மூன்று நான்கு சுற்றாவது சுற்றி நிற்க வேண்டும். இந்தச் சோதனையை வார்மோடு 24 பல் சக்கரத்தைச் சேர்ப்பதற்கு முன்னால் செய்யுங்கள், சேர்த்த பிறகு எங்கே இறுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

எல்லாம் சரியாக இருந்தும் மொசைக் தரையில் சக்கரம் வழுக்கி, மீட்டர் ஓடாமல் நிற்கலாம். பின்சீட்டுக்கு அடியில் வெற்றிடம் விடாமல் கட்டிகளை அடைத்துக் கனம் ஏற்றுங்கள். டயரையும் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள்.

மீட்டர் தட்டைப் பிடித்துத் திருப்பிச் சக்கரத்தை ஓட்டப் பார்க்காதீர்கள். வார்ம் ஒரு வழிப்பாதை. அது பல்சக்கரத்தைச் சுழற்றும், பல்சக்கரம் அதைச் சுழற்றாது. பலமாகத் திருகினால் ஆக்சில்தான் முறுக்கிக்கொள்ளும். மலிவு பாக்கெட்டில் வாங்கிய ஆக்சில் ஒன்று என்னிடம் ஜிலேபி மாதிரி ஆகிக் கிடக்கிறது.

உடல்

இதில் சொல்ல அதிகமில்லை. பக்கச் சுவர் ஒரு குமிழ் கனம். பானெட்டுக்கும் டிக்கிக்கும் வளைந்த சரிவுக் கட்டிகள். சேஸியைத் தரையில் உருட்டி, இரண்டு இயக்கமும் ஓடுகிறது என்று பார்த்த பிறகுதான் முதல் கருப்புக் கட்டியை வையுங்கள். கூரை மட்டும் நான்கே குமிழில் ஒட்டியிருக்கட்டும். உள்ளே ஏதாவது கழன்றால் அதைத் தூக்கித்தான் கை விட வேண்டியிருக்கும். முதலில் கணினியில் அடுக்கிப் பார்க்க நினைத்தால் ப்ரிக்லிங்க் ஸ்டுடியோ இலவசம். ஆனால் எது இறுகும், எது வளையும் என்பது அதில் தெரியாது, அதற்குக் கைதான்.

மீட்டர் தட்டில் பாதிக்குச் சிவப்பு டைல் ஒட்டினால் சுற்றுவது தெரியும். டயரின் சுற்றளவு சுமார் 95 மி.மீ., 24 சுற்றுக்கு 2.3 மீட்டர். அதாவது வண்டி 2.3 மீட்டர் ஓடினால் மீட்டர் ஒரு முழுச் சுற்று. மும்பையில் டாக்ஸியின் குறைந்தபட்சக் கட்டணம் முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு. 20-இல் ஒரு பங்கு என்றால் 75 மீட்டர், மீட்டரில் முப்பத்திரண்டு சுற்றுக்கு மேல். எங்கள் மாடி வராந்தா மொத்தமே 12 மீட்டர். மினிமம் சார்ஜுக்கு மூன்று தடவைக்கு மேல் போய் வர வேண்டும்.

அண்ணாச்சி அதில் ஒரு நடை ஓட்டிப் பார்த்தார். பெட்டியைப் பிடித்துத் திருப்பி, செருப்பு ஸ்டாண்டைத் தாண்டி, சுவர் ஓரமாக நிறுத்தினார். மீட்டரைக் குனிந்து பார்த்தார். பிறகு வண்டியைப் பின்னால் இழுத்தார். சிவப்புப் பாதி வந்த வழியே திரும்பிப் போனது.

"ரிவர்ஸ் எடுத்தா மீட்டர் குறையுதே தம்பி. இந்த வண்டிய ஓட்டியிருந்தா நான் என்னைக்கோ ஊருக்குத் திரும்பியிருப்பேன்."