பழைய பொம்மை ரயில் சாதனங்களுக்குப் புது வயர் போடுவது எப்படி?

பிரான்சிலிருந்து வந்த பெரியப்பா கொடுத்திருக்கலாம். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய சாமான்களுக்கு நடுவே கிடைத்திருக்கலாம். பொம்மை ரயிலின் தெருவிளக்கு, சிக்னல் கம்பம், கேட்மேன் கூண்டு எதுவானாலும், எரியவில்லை, அசையவில்லை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் வீணாகியிருப்பது வயர் மட்டும்தான். உள்ளே இருக்கும் காயில், அதாவது கம்பிச் சுருள், நன்றாகவே இருக்கும்.

அந்தக் காலத்து வயர்களில் செம்புக்கு மேல் ரப்பர், சிலவற்றில் அதற்கும் மேல் துணி உறை. வருடங்கள் ஆக ஆக ரப்பர் இறுகி, வளைத்தால் பொடியாக உதிரும். புதுச்சேரி மாதிரி கடலோர ஊரில் உப்புக் காற்றும் சேர்ந்து செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்கும். களிம்பு உறைக்குள்ளேயும் ஏறிப் போகும் என்பதால், வெடித்த இடத்தில் மட்டும் டேப் சுற்றுவதை நான் ஏற்கவே மாட்டேன். வயரை முழுசாக மாற்றுங்கள்.

மின்சாரம் பற்றி, தொடங்கும் முன்பே

பழைய டிரான்ஸ்ஃபார்மரை நம் வீட்டு பிளக்கில் செருகாதீர்கள். அமெரிக்கப் பொம்மை ரயில் கம்பெனியான லயனலின் டிரான்ஸ்ஃபார்மர்கள் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தவை. இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்டேஜைக் குறைத்துக் கொடுத்தாலும் 50 ஹெர்ட்ஸில் அவை கூடுதலாகச் சூடாகும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் 12-0-12, 2 ஆம்பியர் என்று கேட்டால் மூன்று முனை உள்ள டிரான்ஸ்ஃபார்மர் தருவார்கள். அதை ஒரு பெட்டிக்குள் பொருத்தி, 230 வோல்ட் பக்கத்தை மூடித் தரச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள். வெளியே வரும் பக்கத்தில் ஒரு ஃபியூஸும் போடச் சொல்லுங்கள். நடு முனையையும் ஓர முனை ஒன்றையும் எடுத்தால் 12 வோல்ட். இரண்டு ஓர முனைகளையும் எடுத்தால் 24 வோல்ட் வந்து பல்ப் போய்விடும்.

வாங்க வேண்டியவை

25 வாட் சால்டரிங் அயர்ன், உள்ளே ரோசின் (ஈயம் ஒட்ட உதவும் பிசின்) உள்ள 60/40 ஈயக் கம்பி, மல்டிமீட்டர், 14/38 மல்டி ஸ்ட்ராண்ட் வயர் (14 மெல்லிய இழைகள் உள்ளது) இரண்டு நிறத்தில், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய்). தகரம் பற்றவைக்கும் ஆசிட் வேண்டாம். அது மெல்லிய கம்பியை நாளடைவில் அரித்துவிடும்.

பிரிப்பதும் சோதிப்பதும்

கைபேசியில் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொண்டு அடித்தகட்டைக் கழற்றுங்கள். எந்த வயர் எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரையுங்கள். பல சாதனங்களில் பல்பின் ஒரு முனை இரும்புச் சட்டத்தோடே சேர்ந்திருக்கும். அது பழுதல்ல, அமைப்பே அப்படித்தான். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பல்பைக் கழற்றி வைத்துவிட்டு, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துக் காயிலின் இரு முனைகளையும் தொடுங்கள். சில ஓம்களோ சில பத்து ஓம்களோ காட்டினால் காயில் நன்றாக இருக்கிறது. ஓ.எல். (OL) என்று திரையில் வந்தால் எங்கோ அறுந்திருக்கிறது. பீப் சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். நல்ல காயிலுக்கும் மீட்டர் கத்தும், ஷார்ட்டுக்கும் கத்தும்.

வயர் மாற்றுவது

நிதானம் வேண்டிய இடம் இதுதான். லயனல் 1935-இல் கொண்டுவந்த 45-ஆம் எண் கேட்மேனை எடுத்துக்கொள்வோம். ரயில் வரும்போது கதவைத் திறந்துகொண்டு விளக்கோடு வெளியே வருவானே, அவனை இழுப்பது கீழே இருக்கும் காயில். காயிலின் கம்பி மெல்லியது, வார்னிஷ் பூசியது. பழைய வயரைப் பிடித்து இழுத்தால் அதுவும் சேர்ந்து அறுந்துவிடும். அதனால் பழைய வயரை முனையிலிருந்து அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள். பிறகு ஈயத்தை உருக்கி, மிச்சத் துண்டைத் தானாக விழ விடுங்கள்.

முனையில் களிம்பு இருந்தால் நைஸான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். புது வயரில் கால் அங்குலம் உறையை உரித்து, இழைகளை முறுக்கி, முதலில் அதற்கு ஈயம் பூசுங்கள். இப்போதே ஸ்லீவை வயரில் கோர்த்துவிட வேண்டும், பற்றவைத்த பிறகு நுழையாது. வயரை முனையில் வைத்து, அயர்னால் முனையைச் சூடாக்கி, ஈயத்தை முனையில் காட்டுங்கள். இரண்டு மூன்று விநாடியில் பரவிவிடும். ஆறும்வரை அசைக்கக் கூடாது. பளபளவென்று ஒட்டியிருந்தால் சரி. மங்கலாக உருண்டு நின்றால் மறுபடி சூடாக்குங்கள். பிறகு ஸ்லீவைப் பற்றவைத்த இடத்துக்கு மேல் தள்ளிச் சூடு காட்டுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை பாருங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஈயம் உடம்புக்கு ஆகாது.

அப்புறம், வயர் வெளியே வரும் துளைக்கு உள்பக்கம் ஒரு முடிச்சுப் போடுங்கள். யாராவது இழுத்தாலும் பற்றவைத்த இடத்தில் பாரம் விழாது. துளையின் தகட்டு விளிம்பு கூர்மையாக இருந்தால் அங்கேயும் ஒரு ஸ்லீவ்.

ஓட்டிப் பார்ப்பது

தாளில் வரைந்ததோடு ஒப்பிட்டு மறுபடி ஓம் பாருங்கள். முன்பு சட்டத்தோடு சேராத முனை இப்போது சேர்ந்திருந்தால், ஓர் இழை எங்கோ தகட்டைத் தொடுகிறது, கண்டுபிடித்து வெட்டுங்கள். எல்லாம் சரியென்றால் பல்பைப் போட்டு 12 வோல்ட் கொடுக்கலாம். 14, 18 வோல்ட் பல்புகள் கொஞ்சம் மங்கலாக எரியும், ஆயுளும் கூடும். காயிலுக்கு மட்டும் அதிக நேரம் விடாமல் கொடுத்துக்கொண்டே இருக்காதீர்கள், சூடேறிக் கருகிவிடும். கேட்மேன் பாதியில் திணறினால் எண்ணெய் விட வேண்டாம். தண்டையும் குழாயையும் உலர்ந்த துணியால் துடைத்தாலே வழுக்கிக்கொண்டு வருவான்.

மழைக்காலத்தில் மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.